ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்!

லண்டன். 1970-களின் தொடக்கம்.

ஜாக் வைல்ட் என்று ஓர் இளம் நடிகர். 'ஆலிவர்!' (1968) படத்தில் பிக்பாக்கெட் பையனாக வந்து, ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். அவர் ஆசை ஆசையாக ஒரு புதுக் கருவியை வாங்கினார். மரப்பெட்டி. முன்னால் பியானோ மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டைகள். மேலே நிமிர்ந்து நிற்கும் பலகையில் வரிசை வரிசையாகக் குமிழ்கள். பார்க்கவே ஏதோ விமானத்தை ஓட்டுகிற மாதிரி இருக்கும்!

உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினார். அற்புதமான சத்தம். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். ஒன்றுதான் கேட்டது. மூன்றை அழுத்தினார். அப்போதும் ஒன்றேதான்! 'அடப்பாவிகளா, ரிப்பேர் பெட்டியை நம் தலையில் கட்டிவிட்டார்களே' என்று முடிவு செய்து, பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கிக்கொண்டவர் ரிக் வேக்மன். பிறகு 'யெஸ்' என்ற ராக் இசைக்குழுவில் அதே ரகக் கருவியை வாசித்து உலகப் புகழ் பெற்றவர். இந்தக் கதையைப் பல பேட்டிகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

பெட்டியில் ரிப்பேர் எதுவும் இல்லை. அதைச் செய்ததே அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்!

அந்தக் கருவியின் பெயர் மினிமோக். ஆங்கில எழுத்துகளைப் பார்த்துவிட்டுப் பலர் 'மூக்' என்பார்கள். தப்பு. மோக். 'மோக'த்தில் முக்கால்வாசி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆனால், அதன் குரலைக் கேட்டிருப்பீர்கள். மைக்கேல் ஜாக்ஸனின் 'த்ரில்லர்' (1982) பாட்டில் அடியில் உறுமிக்கொண்டே போகிறதே... அந்த பேஸ், மினிமோக் பேசுவது!

ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் பேசத் தெரிந்த பெட்டிக்கு எப்படி இத்தனை மவுசு? அந்தக் கதைக்கு முதலில் ஒரு பையனைப் பார்க்க வேண்டும்.

*

ராபர்ட் மோக் 1934-ல் நியூயார்க்கில் பிறந்தவர். வீட்டில் பாப். அம்மா பியானோ கற்றுக்கொள்ளச் சொன்னார். அப்பாவிடம் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வம். பையன் இரண்டையும் கலந்தான். பத்தாம் வகுப்பு வயதிலேயே 'தெரமின்' என்ற விநோதக் கருவியைத் தானே கட்டினான். ரஷ்யரான லெவ் தெரமின் கண்டுபிடித்து, 1922-ல் லெனினுக்கே வாசித்துக் காட்டிய கருவி அது. அதைத் தொடவே வேண்டாம். காற்றில் கையை அசைத்தால் போதும்... பாடும்!

1961-ல் மோக் தெரமின் 'கிட்' விற்றார். பாகங்களையும் வரைபடத்தையும் பெட்டியில் போட்டு அனுப்புவார். வாங்குகிறவர்கள் வீட்டில் பற்றவைத்துக்கொள்ள வேண்டியது. பிறகு நியூயார்க் மாநிலத்தில் ட்ரூமன்ஸ்பர்க் என்கிற சின்ன ஊரில் ஒரு கடையைப் பிடித்து, பட்டறை வைத்தார். பக்கத்தில் இருந்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி ஒரு பக்கம், சால்டரிங் புகை ஒரு பக்கம்.

1963-ல் இசை ஆசிரியர்களின் மாநாடு ஒன்றில் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரைச் சந்தித்தார். டாய்ச் பேச்சுவாக்கில் கேட்டார்: 'மின்சாரத்தில் புதுப்புது சத்தம் செய்கிற கருவி ஒன்று... சின்னதாக, விலை மலிவாக... முடியுமா?'

அப்போது அப்படிப்பட்ட இயந்திரமே இல்லையா? இருந்தது. ஆர்.சி.ஏ. கம்பெனி செய்த 'மார்க் டூ' சின்தசைஸர் 1957 முதல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வசம் இருந்தது. ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் ராட்சசன். வாசிக்க முடியாது. காகித நாடாவில் ஓட்டை போட்டுக் கட்டளை கொடுக்க வேண்டும். பாட்டுப் பாட மனுப் போடுகிற மாதிரி!

1964 கோடையில் டாய்ச், ட்ரூமன்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். மோக் ஒன்று கட்டுவார், டாய்ச் வாசித்துப் பார்த்துக் குறை சொல்வார், மோக் மாற்றுவார். ஒருநாள் டாய்ச், 'சத்தம் வருகிறது சரி. ஆனால், தொடங்குவதும் அடங்குவதும் எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரியா இருக்கிறது?' என்றார். மோக் யோசித்துவிட்டு, 'எதிரே ஹார்டுவேர் கடையில் போய் ஒரு காலிங்பெல் பட்டன் வாங்கிக்கொண்டு வாருங்களேன்' என்றாராம்.

சின்தசைஸர் வரலாற்றின் ஒரு பெரிய விஷயம் அந்தக் காலிங்பெல் பட்டனிலிருந்து பிறந்தது!

*

இங்கே கொஞ்சம் நின்று, சத்தம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், சூத்திரம் எதுவும் கிடையாது.

இப்போதே ஒரு காரியம் செய்யுங்கள். (பஸ்ஸில் படிக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யவும்!) ஒரே சுருதியில் 'ஊ...' என்று இழுங்கள். சுருதியை மாற்றாமல், வாயை மட்டும் மெல்லத் திறந்து 'ஆ...' வரைக்கும் வாருங்கள். 'ஊவாஆ...' என்று கேட்டதா? உங்கள் தொண்டையில் எதுவும் மாறவில்லை. வாயின் வடிவம்தான் மாறியது.

அனலாக் சின்தசைஸரும் இதேதான். தொண்டை, வாய், மூச்சு என்று மூன்று பாகம்.

தொண்டை என்பது 'ஆஸிலேட்டர்'. மின்சாரத்தை ஒரு விநாடியில் இத்தனை தடவை என்று ஆட்டிவைக்கிற சர்க்யூட். ஸ்பீக்கரில் கேட்டால் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி, கொஞ்சம் முரட்டு ஒலி. வாய் என்பது 'ஃபில்டர்'. முரட்டு ஒலியின் கூரான மேல் பகுதிகளைச் சல்லடை போலத் தடுத்து, வேண்டியதை மட்டும் விடும். சல்லடையை மூடினால் 'ஊ', திறந்தால் 'ஆ'. மூச்சு என்பது 'என்வலப்'. சத்தம் எப்படிக் கிளம்பி, எப்படி நின்று, எப்படி அடங்க வேண்டும் என்கிற கணக்கு. வீணைத் தந்தியை மீட்டினால் சட்டென்று எழும்பி மெல்ல மெல்லத் தேய்கிறது. நாதஸ்வரம் ஊதுகிற வரை நிற்கிறது. தவிலில் ஒரு தட்டு, உடனே முடிந்தது. இந்த மூன்றையும் ஒரே தொண்டையில் வரவழைப்பது 'என்வலப்' வேலை. காலிங்பெல் பட்டனை அழுத்தினால் ஒரு கெப்பாசிட்டரில் மின்சாரம் நிரம்பும், விட்டால் வடியும். நிரம்பும் வேகமும் வடியும் வேகமும்தான் அந்த மூச்சு!

மோக்கின் உண்மையான மூளை எங்கே இருக்கிறது என்றால், இந்தப் பாகங்களை ஆட்டுவிக்கும் விதத்தில். குமிழை மனிதன் கையால் திருகலாம். சரி. ஆனால், அதே வேலையை வோல்டேஜ் செய்தால்? ஒரு பாகத்திலிருந்து வருகிற வோல்டேஜ் இன்னொரு பாகத்தின் குமிழைத் 'திருகும்'. கீபோர்டில் ஒரு ஸ்தாயி மேலே போனால் ஒரு வோல்ட் கூடும். ஆஸிலேட்டரின் வேகம் இரண்டு மடங்காகும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி. இந்த எளிய கணக்கு இன்று வரை பல கம்பெனிகளுக்குப் பொது மொழி.

1964 அக்டோபரில் ஆடியோ இன்ஜினீயர்கள் சங்கத்தின் கூட்டத்தில் மோக் இதைப் படித்தார். ஆர்டர்கள் வர ஆரம்பித்தன.

*

ஆனால், இந்த முதல் மோக் ஒரு பீரோ சைஸ்! ஒவ்வொரு பாகமும் தனித்தனிப் பெட்டி. அவற்றை வயர்களால் இணைத்தால்தான் சத்தமே வரும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஒரு ஓட்டையிலிருந்து உருவி இன்னொரு ஓட்டையில் செருகுவாரே... அதே கதை. ஒரு சத்தத்திலிருந்து இன்னொரு சத்தத்துக்குப் போக எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி நட வேண்டும். விலையும் ஆயிரக்கணக்கான டாலர்.

இதைக் கட்டி மேய்த்து, 1968-ல் வெண்டி கார்லோஸ் 'ஸ்விட்ச்டு ஆன் பாக்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். முழுக்க முழுக்க பாக் இசை. முழுக்க முழுக்க மோக். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும் என்பதால் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். நடுவில் கருவி சுருதி விலகும். நிறுத்தி, சுருதி சேர்த்து, மறுபடி சில ஸ்வரங்கள். மறுபடி விலகும். அப்படி இழைத்து இழைத்துச் செய்த ஆல்பத்துக்கு மூன்று கிராமி விருதுகள்!

இன்னொரு ஆச்சரியம். 1969-ல் இப்படி ஒரு பீரோ மோக் இந்தியாவுக்கே வந்துவிட்டது. சினிமா ஸ்டுடியோவுக்கு அல்ல. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு! டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் இசை செய்து பார்த்தார்கள். அந்த டேப்புகள் பல்லாண்டு காலம் அங்கேயே கிடந்து, 2023-ல்தான் ஆல்பமாக வெளிவந்தன.

சரி, அமெரிக்காவுக்குத் திரும்புவோம். ஆல்பத்தின் புகழால் மோக் வாங்கப் பலரும் பறந்தார்கள். ஆனால், பீரோ வாங்க வசதி உள்ளவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? அவர்கள் வாங்கி முடித்ததும் ஆர்டர் வற்றியது. ட்ரூமன்ஸ்பர்க் பட்டறையில் அடுத்த மாசச் சம்பளம் வருமா என்கிற கவலை.

*

பில் ஹெம்சாத் என்ற இன்ஜினீயர் அங்கே வேலை பார்த்தார். அவருக்கு ஒரு சலிப்பு. யாராவது கருவியைப் பார்க்க வந்தால், ஒவ்வொரு முறையும் அதே சில வயர்களை அதே ஓட்டைகளில் செருகித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பத்துக்கு ஒன்பது பேர் கேட்பதும் அதே இணைப்புதான். தொண்டையிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து வெளியே. அப்படியென்றால் அதை நிரந்தரமாக உள்ளேயே இணைத்துவிட்டால் என்ன?

1969 கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரங்களில் பரணுக்கு ஏறினார். கழித்துப்போட்ட பாகங்களின் சுடுகாடு அது. அங்கே கிடந்த ஐந்து ஸ்தாயி கீபோர்டு ஒன்றை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினார். பழைய பாகங்களை ஒரே பெட்டிக்குள் வைத்து உள்ளுக்குள்ளேயே இணைத்தார். வெளியே ஒரு வயர் கிடையாது. அதுதான் மினிமோக் 'மாடல் ஏ'.

பாப் மோக் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால், 'இதை யார் வாங்கப்போகிறார்கள்?' என்பது அவர் எண்ணம். ஹெம்சாத்தும் ஜிம் ஸ்காட் போன்ற சகாக்களும் விடவில்லை. பி, சி, டி என்று அடுத்தடுத்த மாடல்களைச் செய்தார்கள். மோக் வெளியூர் போயிருந்த நேரத்தில் 'மாடல் டி'யைத் தயாரிக்கவே தொடங்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர் சத்தம் போட்டார். பிறகு கருவியின் சத்தத்தைக் கேட்டுச் சம்மதித்தார். 1970-ல் மினிமோக் மாடல் டி வெளியுலகுக்கு வந்தது. பின்னால் நிலைத்த விலை 1,495 டாலர்.

எவ்வளவு குறைத்தார்கள் பாருங்கள். வயர்கள் போயின. ஆயிரம் விதமான இணைப்புகள் போயின. ஆஸிலேட்டர் மூன்றே மூன்று. கட்டைகள் 44. மூச்சுக் கணக்கில் பெரிய மோக்கில் நான்கு கட்டங்கள்; இதில் மூன்று குமிழ், கடைசிக் கட்டத்துக்கு ஒரு ஸ்விட்ச். பலகையில் எல்லாம் இடமிருந்து வலமாக வரிசை: முதலில் தொண்டை, அப்புறம் கலப்பது, அப்புறம் வாயும் மூச்சும். படிக்கத் தெரியாதவன்கூட இடப்பக்கத்திலிருந்து திருகிக்கொண்டே போனால் ஒரு சத்தத்துக்கு வந்து சேர்ந்துவிடுவான். பலகையை மடக்கினால் ஒரு பெட்டி. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய்விடலாம்.

அதுவரை சின்தசைஸர் ஒரு லேபரட்டரி. இந்தக் குறைப்புகளுக்குப் பிறகுதான் அது வாத்தியம் ஆனது.

*

சேர்த்த விஷயம் ஒன்றும் உண்டு. கட்டைகளுக்கு இடப்பக்கத்தில் இரண்டு சின்னச் சக்கரங்கள்.

இதன் அருமையைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா போக வேண்டாம். 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது. முப்பது வருடங்களுக்குப் பிறகுதான் அந்தத் தடை தளர்ந்தது. காரணம் தெரியும்தானே? கட்டை ஸ்வரங்கள் அசையாது. 'ஸ'வுக்கும் 'ரி'க்கும் நடுவே இழைந்து போக வழியில்லை. கமகம் வராது! பியானோவுக்கும் அதே கதிதான். கட்டை வைத்த பெரும்பாலான கருவிகளின் பிறவிக்குறை அது.

ஹெம்சாத்தும் டான் பக்காலாவும் உருவாக்கிய அந்த முதல் சக்கரம், அந்தக் குறையைத் தீர்த்தது. வலது கை ஸ்வரத்தைப் பிடிக்க, இடது கை சக்கரத்தை லேசாக உருட்டினால் ஸ்வரம் வளைந்து மேலே போகும், இறங்கும். வீணையில் தந்தியை இழுப்பது போல! இரண்டாவது சக்கரம், அந்த ஸ்வரத்துக்கு எவ்வளவு நடுக்கம் வேண்டும் என்பதற்கு. கட்டை வாத்தியம் குரல் மாதிரி குழையக் கற்றது.

செக் நாட்டிலிருந்து வந்த யான் ஹாமர் இதில் மன்னன். ஜான் மெக்லாக்லினின் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா'வில் அவர் மினிமோக்கும் மெக்லாக்லினின் கிதாரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும்போது, எது கிதார், எது கீபோர்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது கஷ்டம். மெக்லாக்லின், நம் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் அமெரிக்காவில் வீணை கற்றவர் என்பது கூடுதல் தகவல்.

*

இனி, சத்தத்துக்கு வருவோம். இந்தப் பெட்டியில் என்னதான் செய்யலாம்?

மூன்று ஆஸிலேட்டர்களையும் ஒரே சுருதியில் வைத்து, ஒன்றை மட்டும் ஒரு மயிரிழை விலக்குங்கள். இரண்டு தம்புராக்களைச் சேர்த்து மீட்டும்போது ஓர் அலை எழுந்து எழுந்து விழுமே, அந்தக் கனம் வரும். ஒன்றை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் தரை அதிரும். மூன்றாவது ஆஸிலேட்டரைக் காதுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக்கினால், அது பாடுவதை நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் ஆட்டிவைக்கும் எஜமானாகிவிடும். நடுக்கம், சைரன், தவளைச் சத்தம் எல்லாம் கிடைக்கும். இன்னொரு குமிழ் வெறும் 'ஷ்ஷ்...' தரும். அதை ஃபில்டரில் மெல்லத் திறந்து மூடினால் கடல் அலை. மூச்சைச் சுருக்கி வெட்டினால் டிரம்ஸ். ஃபில்டரை அதன் எல்லைக்கே முறுக்கினால், ஆஸிலேட்டர் இல்லாமலே அது தானாக விசிலடிக்க ஆரம்பிக்கும்!

கெட்டிக்கார இசைக்கலைஞர்கள் இன்னொரு குறும்பும் கண்டுபிடித்தார்கள். ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு வயரை எடுத்து, அதே பெட்டியின் பின்பக்கம், வெளிச்சத்தம் உள்ளே வரும் ஓட்டையில் செருகிவிடுவது. தன் குரலைத் தானே விழுங்கி உறுமும். வயரே வேண்டாம் என்று செய்த கருவியில் ஒரே ஒரு வயர்!

இதெல்லாம் சரி. ஆனால், இதே பாகங்களை வைத்து மற்ற கம்பெனிகளும் கருவி செய்தார்களே, மினிமோக்கின் குரலில் மட்டும் என்ன அந்தச் சதைப்பற்று?

பாதி பெருமை, மோக்கின் ஃபில்டருக்கு. சர்க்யூட் படத்தில் டிரான்சிஸ்டர்கள் ஜோடி ஜோடியாக ஏணிப்படி மாதிரி நிற்கும். 'ஏணி ஃபில்டர்' என்றே பெயர். 1969-ல் பேட்டன்ட் கிடைத்தது. மீதிப் பெருமை யாருக்குத் தெரியுமா? ஒரு தப்புக் கணக்குக்கு! மினிமோக்கில் மூன்று ஆஸிலேட்டர்களையும் கலந்து ஃபில்டருக்கு அனுப்பும் இடத்தில், ஜிம் ஸ்காட்டின் கணக்கு பிசகியது. ஃபில்டர் தாங்க வேண்டிய அளவைவிட அதிக பலத்தோடு சத்தம் உள்ளே போய் மோதியது. சல்லடை திணறியது. அந்தத் திணறலில் பிறந்ததுதான் அந்தச் சதைப்பற்று. 'ஐயோ தப்பாயிற்றே' என்று திருத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. காதில் கேட்டார்கள், பிடித்திருந்தது, விட்டுவிட்டார்கள்.

இன்னொரு குறையை மட்டும் விட முடியவில்லை. சுருதி விலகல். டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது. மேடை விளக்கு சுட்டால் சுருதி ஓடும். ஏ.சி. போட்டால் வேறு பக்கம் ஓடும். ஆரம்பகால மினிமோக்குகளை வாசித்தவர்கள், பாட்டுக்குப் பாட்டு சுருதி பிடித்தார்கள். கம்பெனி ஆஸிலேட்டர் சர்க்யூட்டை மாற்றியது. உள்ளுக்குள்ளேயே ஹீட்டர் வைத்து, எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர் ஜோடியைப் பொருத்தினார்கள். வெளியே வெயிலானால் என்ன, குளிரானால் என்ன, அது தன் சூட்டிலேயே நிற்கும். 1970-களின் கடைசியில் மறுபடி ஒருமுறை மாற்றி, சுருதியை இன்னும் கெட்டியாக்கினார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இன்று பழைய மினிமோக் தேடுகிறவர்களில் பலர், சுருதி கெட்டியான கடைசி ரகத்தை ஒதுக்கிவிட்டு, முதலில் வந்த, சுருதி ஓடுகிற ரகத்தைத்தான் தேடுகிறார்கள்! மூன்று ஆஸிலேட்டர்களும் ஆளுக்கொரு பக்கம் கொஞ்சம் கொஞ்சம் அலைவதில்தான் உயிர் இருக்கிறது என்கிறார்கள். இன்ஜினீயர் குறை என்று துரத்தியதை, காது அழகு என்று திரும்ப அழைக்கிறது.

*

மினிமோக்கை முதலில் கடைக்காரர்கள் சீந்தவில்லை. 'பியானோவா? இல்லை. ஆர்கனா? இல்லை. அப்புறம் என்னய்யா இது?' டேவிட் வான் கோவரிங் என்ற விற்பனையாளர் அதைத் தூக்கிக்கொண்டு ஃப்ளோரிடாவில் கிளப் கிளப்பாக ஏறி இறங்கினார். முதலில் இசைக்கலைஞர்களை மயக்கினார். பிறகு அவர்களைக் காட்டிக் கடைக்காரர்களை மடக்கினார்.

அப்புறம் என்ன... ஜெர்மனியில் 'க்ராஃப்ட்வெர்க்' 1974-ல் 'ஆட்டோபான்' செய்தார்கள். 'பார்லமென்ட்' குழுவின் பெர்னி வோரல், 'ஃப்ளாஷ் லைட்' பாட்டில் பேஸ் கிதாருக்கே விடுமுறை கொடுத்தார். இங்கிலாந்தில் 1978-ல் பங்க் ஆல்பம் பதிவு செய்ய ஸ்டுடியோவுக்குப் போன கேரி நியூமன், யாரோ விட்டுப்போன மினிமோக்கில் ஒரு கட்டையை அழுத்தினார். அறையே அதிர்ந்தது. கிதார் ஆல்பம், சின்தசைஸர் ஆல்பமாக மாறியது. அவருடைய வாழ்க்கையும்!

ஆனால், அதைச் செய்த மனிதர்?

1971-ல் கடன் கழுத்தை நெரிக்க, பாப் மோக் கம்பெனியை பில் வேட்டேனா என்ற தொழிலதிபரிடம் விற்றார். பட்டறை பஃபலோ நகரம் பக்கத்தில் ஒரு பழைய ஜெலட்டின் ஃபேக்டரிக்கு மாறியது. 1973-ல் நார்லின் என்ற பெரிய கம்பெனி அதை வாங்கியது. 1977-ல் மோக் வெளியேறினார். வெளியேறியபோது கையோடு கொண்டுபோக முடியாத ஒன்று இருந்தது. அவர் பெயர்! 'மோக்' என்பது கம்பெனியின் சொத்து. அடுத்து அவர் செய்த கருவிகள் 'பிக் பிரையர்' என்ற வேறு பெயரில்தான் வந்தன.

மினிமோக்குக்கும் காலம் திரும்பியது. 1978-ல் வந்த 'ப்ராஃபெட் 5' ஒரே நேரத்தில் ஐந்து ஸ்வரங்கள் வாசித்தது. செய்துவைத்த சத்தத்தை ஞாபகமும் வைத்துக்கொண்டது. மினிமோக்குக்கு ஞாபகம் ஏது? குமிழ்கள் எந்தெந்த இடத்தில் இருந்தன என்று காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 1981-ல் தயாரிப்பு நின்றது. அதுவரை பன்னிரண்டாயிரத்துக்கு மேல் விற்றிருந்தது. 1983-ல் யமஹாவின் டிஜிட்டல் கருவி 'டிஎக்ஸ் 7' வந்தது. பதினாறு ஸ்வரங்கள், விலகாத சுருதி, கண்ணாடி போன்ற சத்தம். பழைய பெட்டிகள் பாதி விலைக்குப் போயின... ஜாக் வைல்ட் தள்ளிவிட்ட மாதிரியே!

ஆனால், குறையே இல்லாத சத்தம் கொஞ்ச காலத்தில் காதுக்கு அலுத்துவிட்டது. 1990-களில் ஹிப்ஹாப் இளைஞர்களும் நடன இசைக்காரர்களும் பழைய பெட்டிகளைத் தூசி தட்டினார்கள். கம்ப்யூட்டர் புரோகிராம்கள் மினிமோக்கை நகல் எடுத்தன. அந்தத் திணறலையும் அந்த விலகலையும் மெனக்கெட்டுக் கணக்குப் போட்டு உள்ளே வைத்தார்கள்!

2002-ல், கால் நூற்றாண்டுக்குப் பிறகு, பாப் மோக் தன் பெயரைத் திரும்பப் பெற்றார். அதே வருடம் 'மினிமோக் வாயேஜர்' வந்தது. மூன்றே வருடம். 2005 ஆகஸ்ட் 21 அன்று மூளைக் கட்டியால் இறந்துபோனார். வயது 71. 2016-ல் மாடல் டி மறுபடி தயாரிக்கப்பட்டது, 2022-ல் இன்னொரு முறை. 2023-ல் கம்பெனி மீண்டும் கை மாறியது. பெயர் மட்டும் நிற்கிறது.

பேட்டன்ட் பற்றி ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. ஃபில்டருக்குப் பேட்டன்ட் வாங்கிய கம்பெனி, இடப்பக்கத்துச் சக்கரத்துக்கு வாங்கவில்லை. அதனால், பிறகு வந்த எல்லாக் கம்பெனிகளும் தயங்காமல் எடுத்துக்கொண்டன. ஹெம்சாத்துக்கோ பக்காலாவுக்கோ காலணா கிடையாது.

அடுத்த முறை கல்யாண ரிசப்ஷனில் லைட் மியூசிக் நடந்தால், சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு நிமிடம் மேடைப் பக்கம் போங்கள். கீபோர்டு வாசிப்பவர் நாதஸ்வரம் மாதிரி குழைந்து ஒரு பிட் வாசிக்கும்போது, வலது கையைப் பார்க்காதீர்கள். இடது கையைப் பாருங்கள். ஒரு சின்னச் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருக்கும்.

அது, ட்ரூமன்ஸ்பர்க்கில் அடுத்த மாசச் சம்பளம் வருமா என்று கவலைப்பட்ட சிலர் நமக்கு இலவசமாக விட்டுப்போனது!